பாலத்துக் கேப்டனின் கைக்கடிகாரம்

சேஃப்டி ஆபீசர் வேலைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. உற்பத்திப் பிரிவில் இடம் காலியில்லை என்றோ, மெயின்டெனன்ஸில் யாரோடாவது சண்டை என்றோ தள்ளிவிடப்பட்டு வந்து சேருகிறோம். நானும் அப்படித்தான் வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது யாரைப் பார்த்துச் சொன்ன பழமொழி என்று. தொழிலாளிக்கு நாம் முதலாளியின் ஆள். முதலாளிக்கு நாம் உற்பத்தியைக் கெடுக்க வந்த சனியன். ஒரு நாள் எந்த விபத்தும் இல்லாமல் முடிந்தால் அதற்காக யாரும் நம்மைக் கூப்பிட்டுப் பாராட்டப் போவதில்லை. நடக்காத ஒன்றுக்கு யார் மாலை போடுவார்கள்?

புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். ஹெல்மெட், கையுறை, தீயணைப்புக் கருவி பற்றியெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கும் அதையெல்லாம் மறுபடி சொல்லத் தெம்பில்லை. முப்பது வருஷம் சொன்னதையே சொல்லி என் வாயே எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஒரு கைக்கடிகாரத்தின் கதையை மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். நீங்கள் இன்று பார்க்கிற ஒரகடம் அப்போது இல்லை. எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே கேழ்வரகுக் கொல்லை, அதைத் தாண்டினால் ஏரி. ஷிஃப்ட் பஸ்ஸைத் தவறவிட்டால் படப்பைக்கு நடக்க வேண்டியதுதான். அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எங்களுக்கு வழியெல்லாம் சோதனை, பையைத் திற, கையைத் தூக்கு. அந்தக் களைப்போடுதான் ஆட்கள் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

வண்டிகளுக்கான தகட்டு பாகங்களை அழுத்தி வெட்டுகிற ப்ரெஸ் ஷாப் எங்களுடையது. ஒரு கையால் தகட்டை அச்சுக்குள் வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும், மேலிருந்து பல டன் இரும்பு இறங்கும். கையை எடுக்கும் முன் கால் மிதித்துவிட்டால் அவ்வளவுதான். இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் ஓடுகிற மெஷின்கள் எங்களுக்கு வந்து சேர இன்னும் பல வருஷங்கள் இருந்தன.

நான் சேர்ந்த புதிதில் வாலாஜாபாத்திலிருந்து ஒரு புது மாப்பிள்ளை வேலைக்கு வந்துகொண்டிருந்தார். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட மோதிரம் தகட்டின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. கையை இழுத்திருக்கிறார், வரவில்லை. கால் அதற்குள் மிதித்துவிட்டது. மோதிரத்தையும் விரல்களையும் பிரித்தெடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு தொழிலாளிகளே பேக்கிங் பெட்டி மரத்தில் ஆளுக்கொரு பொந்து வைத்து ஒரு பெட்டி செய்து ப்ரெஸ் ஷாப் வாசலில் மாட்டினார்கள். வாட்ச், மோதிரம், கைக்கயிறு எல்லாம் அதில் போய்விடும். கிண்டலாக அதற்கு உண்டியல் என்று பெயர். ‘உண்டியல்ல போட்டியா?’ என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். கம்பெனி போட்ட சட்டம் இல்லை அது, அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்டது. அதனாலேயே நான் அதன்மேல் ஒரு தூசு விழக்கூடப் பொறுக்க மாட்டேன்.

அந்த உண்டியலில் ஏகாம்பரத்தின் வாட்சும் தினமும் விழும். வடக்குப்பட்டு ஆள், வயது இருபத்தைந்து இருக்கும். இன்னும் வேலை நிரந்தரம் ஆகாதவன். அவன் அப்பா இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் ஒரு கேப்டனுக்கு ஆர்டர்லியாக, கூடவே இருந்து ஏவல் பார்க்கிற சிப்பாயாக இருந்தவர். அந்தக் கேப்டன் எங்கள் பக்கத்துக்காரர். அவருடைய உண்மைப் பெயரை விட்டுவிடுகிறேன், எங்கள் வட்டாரத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதும் இல்லை. பாலத்துக் கேப்டன் என்றால்தான் தெரியும். படை பின்வாங்கியபோது ஒரு பாலத்தைக் கொஞ்சம் ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு காத்தவர். காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆள் தாண்டும்வரை நின்றார், அங்கேயே செத்தார். பள்ளிக்கூடங்களில் அவர் படம் மாட்டியிருந்தது. ஆகஸ்ட் பதினைந்துக்கு அதற்கும் ஒரு மாலை விழும்.

கேப்டன் திரும்பி வரவில்லை. வாட்ச் திரும்பி வந்தது, ஏகாம்பரத்தின் அப்பா கையில். கறுப்பு முகம், ரேடியம் பூசிய எண்கள், பின்பக்கம் ராணுவச் சொத்து என்பதற்கான அம்புக்குறி. அப்பா செத்த பிறகு மகன் கட்டிக்கொண்டான். கேன்டீனில் யாராவது கேட்டால் சோற்றை ஆறவிட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்லுவான். ஷிஃப்ட் மணி அடித்ததும் கழற்றி, துணியில் சுற்றி, உண்டியலில் வைத்துவிட்டு உள்ளே போவான். எந்தப் பிரச்சினையும் இல்லை. கர்னல் வருகிறவரைக்கும்.

எங்கள் கம்பெனியின் டைரக்டர் போர்டில் ஒரு ரிட்டயர்டு கர்னல் இருந்தார். கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிலாளியின் தட்டில் என்ன சாப்பாடு விழுகிறது என்று எட்டிப் பார்க்கிற மனுஷர். மழைக்காலம் தொடங்கிய சமயம் ஷாப்பைப் பார்க்க வந்தவர் உண்டியல் முன்னால் நின்றுவிட்டார். துணி விலகிக் கிடந்த வாட்சை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அம்புக்குறியைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

“இது யாருது?”

ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதையைச் சொன்னான். கர்னலின் கண் கலங்கியது. பாலத்துக் கேப்டன் இருந்த அதே ரெஜிமெண்டில்தான் அவரும் சேர்ந்தாராம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அந்தக் கதையைத்தான் சொல்வார்களாம்.

“இந்த வாட்ச் இப்படி ஓட்டை வாட்ச்சுங்களோட பெட்டியில கிடக்கலாமா?” என்று எங்கள் ஒர்க்ஸ் மேனேஜரைப் பார்த்துக் கேட்டார். “இது அவன் கையிலதான் இருக்கணும். யாரும் கழட்டச் சொல்லக்கூடாது. இவன இன்னும் பர்மனென்ட் பண்ணலையா? பண்ணிடுங்க.”

ஷாப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். ஒரு நல்ல மனுஷர் ஒரு நல்ல வீரனை மதிக்கிறார், ஒரு ஏழைப் பையனுக்கு வேலை நிரந்தரமாகிறது, இதில் தட்டாமல் என்ன செய்வது? கை தட்டி முடித்து அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது.

ஏனென்று சொல்கிறேன். நீங்களும் நானும் கட்டுகிற சாதாரண வாட்சில் பட்டையைப் பிடித்திருக்கும் கம்பி ஒரு வேகமான இழுப்பில் தெறித்துவிடும். வாட்ச் போனாலும் கை மிஞ்சும். ராணுவ வாட்சில் அந்தக் கம்பியை வாட்சோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள். ஓடும்போதும் விழும்போதும் கழன்றுவிடக்கூடாதே, அதற்காக. பட்டையும் முரட்டுத் துணி. ப்ரெஸ்ஸில் மாட்டினால் அந்த வாட்ச் ஆளை விடவே விடாது.

மறுநாள் டீ நேரத்தில் ஏகாம்பரத்தைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“மெஷின்ல நிக்கும்போது மட்டும் கழட்டி வச்சிடேன்ப்பா. யாருக்குத் தெரியப்போவுது?”

“தெரியும் சார். மேனேஜரு டெய்லி வந்து கையப் பாத்துட்டுத்தான் போறாரு. கழட்டி வெச்சிக்கினு நின்னா, கர்னலு சொல்லியும் கேக்கலன்னு ஆவாதா? இன்னும் ஆர்டரு கைக்கு வரல சார்.”

“கம்பி தெறிக்காதுப்பா இதுல.”

“அதான் சார் இதோட பெருமையே. எங்கப்பா சொல்லும். கை போனாலும் வாட்ச்சு போவாதுன்னு.” சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனோடு போயிருந்தால்கூட ஒருவேளை சமாளித்திருக்கலாம். அந்த வாரமே மாணிக்கம் என்கிற சீனியர் ஆபரேட்டர் கையில் சிவப்புக் கயிறோடு உள்ளே நுழைந்தான். நிறுத்திக் கேட்டேன்.

“அவன் வாட்ச்சு சரித்திரம்னா, என் கயிறு இன்னா சார்? சாமி இல்லியா? அந்தக் கேப்டனு பெரியவரு, சரி. எங்க அம்மன் இன்னா சின்னவளா?”

அவனுக்குப் பின்னாலேயே ஒரு மோதிரம், ஒரு வெள்ளிக் காப்பு, வேளாங்கண்ணியிலிருந்து வந்த ஒரு ஜெபமாலை. உண்டியல் காலியாகத் தொடங்கியது. மூன்று விரல் போன மாப்பிள்ளையின் ரத்தத்தில் செய்த பெட்டி அது. ஒரு நல்ல மனுஷரின் ஒரு நல்ல வார்த்தையில் அது வெறும் பலகையாகிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஒர்க்ஸ் மேனேஜரிடம் போனேன். மேசையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “கர்னல் சொன்னத நான் எப்படிய்யா மாத்தறது? கொஞ்ச நாள் போகட்டும். இப்ப அடுத்த வாரம் ஆண்டு விழா. காலண்டருக்கு அவனை மெஷின்ல நிக்க வச்சு போட்டோ எடுக்கணும்னு சொல்லியிருக்காரு. வாட்ச் தெரியணுமாம்.”

விழா நாள் காலையில் ஷாப்பைக் கழுவி, தரையில் மஞ்சள் கோடு புதிதாகப் போட்டு, மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்திருந்தார்கள். கர்னல் தன் பழைய ரெஜிமெண்ட் டையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏகாம்பரத்துக்குப் புது யூனிபார்ம். முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, கையில் வாட்ச். காஞ்சிபுரத்திலிருந்து வந்த போட்டோக்காரர் இரண்டு படம் எடுத்துப் பார்த்தார். திருப்தி இல்லை.

“மெஷின் ஓடினா நல்லாருக்கும் சார். தகட்ட உள்ள வைக்கிற மாதிரி. தம்பி, கைய இன்னும் கொஞ்சம் உள்ள விடு. வாட்ச்சு நல்லா தெரியணும்.”

மெஷினை ஓடவிட்டார்கள். ஏகாம்பரத்தின் கால் பழக்கத்தில் தானாகப் பெடல்மேல் போய் உட்கார்ந்தது. கை மணிக்கட்டு வரை அச்சுக்குள் இருந்தது. போட்டோக்காரர் ஒரு தடவை ஃப்ளாஷை அடித்தார். அந்த வெளிச்சத்தில் அவன் உடம்பு தூக்கிவாரிப் போட்டதை நான் பார்த்தேன். கால் பெடலில் அரை அழுத்தம் அழுந்தி மீண்டது.

அடுத்த ஃப்ளாஷுக்கு நான் காத்திருக்கவில்லை. போய்ச் சிவப்பு பட்டனை அடித்தேன். பட்டனை அடித்தாலும் அந்தக் காலத்து மெஷினில் இரும்பை இறக்குகிற சக்கரம் உடனே நிற்காது, கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதற்குள் மிதித்தாலும் இறங்கும். “கால எடு! கால எடுடா!” என்று கத்தினேன். அவன் காலை எடுத்தான். கையை எடுக்க மறந்து நின்றான்.

சக்கரம் நின்றது.

“யாருய்யா நிறுத்தினது?” என்றார் கர்னல்.

“நான்தான் சார்.”

மேனேஜர் என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, “ரெண்டு நிமிஷ வேலைய்யா. இப்பவா உன் வீரத்தக் காட்டணும்?” என்றார்.

எனக்கு விதிகளெல்லாம் மனப்பாடம். ஃபேக்டரி சட்டத்தில் எந்தப் பிரிவு என்றுகூடச் சொல்லியிருப்பேன். சொன்னால் கர்னல் தலையாட்டியிருப்பார், நாளைக்கு அதே வாட்ச் அதே கையில் அதே மெஷினில் நின்றிருக்கும். சட்டத்தைக் காட்டி ஒரு சாமியைக் கீழே இறக்க முடியாது, மாணிக்கம் அதை எனக்குக் காட்டிவிட்டான். அந்த நிமிஷத்தில் என்னிடம் எந்த யோசனையும் இல்லை. நேரம் கடத்துவதற்காகத்தான், வாயில் வந்ததை ஏகாம்பரத்திடம் கேட்டேன். பெரிய தந்திரம் பண்ணினேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

“ஏகாம்பரம், கேப்டன் இந்த வாட்ச்ச உங்கப்பாகிட்ட எப்பக் கொடுத்தாரு?”

“அதான் சொல்லிக்கீறனே சார். சாவறதுக்கு முன்னாடி.”

“அடிபட்டுக் கிடக்கும்போதா?”

“இல்ல சார். அப்ப ஒண்ணியும் ஆவல. நல்லாத்தான் இருந்தாரு. ராத்திரி காவலுக்குப் பாலத்துக்குக் கீழ போறதுக்கு முன்னாடி கழட்டிக் குடுத்தாரு.”

“ஏன்?”

அவன் வாயைத் திறந்தான். நூறு தடவை சொன்ன கதை அது. அப்பா வாயால் கேட்டு, கேன்டீனில் சொல்லி, கர்னலிடம் சொல்லி, வார்த்தை மாறாமல் வரும். அன்றைக்கு நடுவில் தடுக்கியது.

“ரேடியம் சார். இப்ப செத்துப்போச்சு. அப்போ இருட்டுல பச்சையா மின்னும். அது வெளிச்சத்தப் பாத்து எதிரி சுட்டுடுவான். ‘இது என் கையில இருந்தா நானும் சாவேன், கூட இருக்கறவனும் சாவான். நீ கொண்டுபோ’ன்னு...”

தன் மணிக்கட்டைப் பார்த்தான். அது இன்னமும் அச்சுக்குள் இருந்தது. மெதுவாக வெளியே எடுத்தான். முரட்டுப் பட்டை, கழற்றக் கொஞ்ச நேரம் ஆயிற்று. யாரும் உதவிக்குப் போகவில்லை. கழற்றி, பாக்கெட்டிலிருந்த பழைய துணியில் சுற்றி, கர்னலைத் தாண்டி, மேனேஜரைத் தாண்டி நடந்து போய் வாசலில் இருந்த உண்டியலில் தன் பொந்தில் வைத்துவிட்டு வந்து மெஷின் முன்னால் நின்றான்.

“கேப்டனே கழட்டி வெச்சிட்டுத்தான் போனாரு சார்,” என்றான் கர்னலிடம்.

இந்த இடத்தில் கர்னல் அவனைக் கட்டிப்பிடித்தார் என்று சொன்னால் உங்களுக்கு நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அவர் உண்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது வருஷமாக அந்தக் கதையைத் தெரிந்து வைத்திருந்தவர் அவர். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். அவருக்குக் கோபமா வெட்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த வருஷக் காலண்டரில் கோயில் கோபுரப் படம்தான் வந்தது.

விழாவைக் கெடுத்ததற்கு எனக்கு என்ன கிடைத்தது என்றும் சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷம் குடோனில் போட்டார்கள். ஏகாம்பரத்தின் ஆர்டரும் நின்றுபோனது. மேனேஜர் கிடப்பில் போட்டுவிட்டார். குடோன் வழியாகப் போகும்போது அவன் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவான். ஒருநாள் மட்டும் நின்று, “உன்னாலதான் சார் இவ்ளோவும். வூட்ல இன்னா பதில் சொல்றதுன்னே தெரில,” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னது நியாயம். நல்லது செய்தால் உடனே நல்லது நடக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர்களை ஒரு வாரம் ப்ரெஸ் ஷாப்பில் நிற்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று நடந்தது. விழாவுக்கு மறுநாள் காலை ஷிஃப்டுக்கு மாணிக்கம் வந்தான். வாசலில் நின்று, பல்லால் முடிச்சை அவிழ்த்து, அம்மன் கயிறைக் கண்ணில் ஒற்றி உண்டியலில் வைத்தான். பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, “இன்னாடா பாக்கறீங்க? போடுங்க,” என்றான். எல்லாரும் போட்டார்கள். யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை.

உங்களுக்குப் பாடம் வேண்டுமென்றால் இதுதான், எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் தன் கையில் கட்டியிருப்பதை உங்கள் சட்டத்தால் கழற்றப் பார்க்காதீர்கள். அவன் அதைக் கழற்றுவதற்கான காரணம் அநேகமாக அதற்குள்ளேயே இருக்கும். பொறுமையாகக் கேட்டால் அவனே சொல்லுவான். கேட்க நேரம் இல்லாவிட்டால் முதலில் சிவப்பு பட்டனை அடியுங்கள், பிறகு கேளுங்கள். அதற்காக உங்களைக் குடோனுக்கு அனுப்பினால் போங்கள். குடோனில் மின்விசிறி நன்றாக இருக்கும்.

ஏகாம்பரத்துக்கு வேலை கடைசியில் நிரந்தரமானது. மேனேஜர் மாறி, புதியவர் வந்த பிறகு. அதே ப்ரெஸ் ஷாப்பிலேயே ரிட்டயர் ஆகிறவரை இருந்தான். எனக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை வந்தது, ஆனால் அந்த நாளைப் பற்றி இரண்டு பேருமே பேசியதில்லை.

போன தை மாதம் படப்பையில் என் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஏகாம்பரமும் அவன் மனைவியும் இறங்கினார்கள். மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. வெற்றிலை, பழம், பத்திரிகை எல்லாம் வைத்த தட்டை இரண்டு கையாலும் நீட்டினான். மணிக்கட்டில் அந்தக் கறுப்பு முக வாட்ச்.

இந்த வேலையில் இருந்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் போகவே போகாது. யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கையைத்தான் பார்ப்பேன். அன்றைக்கும் தட்டை வாங்காமல் அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் போலிருக்கிறது. அவன் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது.

தட்டை மனைவி கையில் கொடுத்தான். இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே அகல விரித்தான்.

“எண்ணிக்கோ சார்,” என்றான்.